மற்போர்க் களத்தில் பிள்ளைகளின் காது



ஏதென்ஸ் நகரில் பிளேட்டோ நிறுவிய ‘அக்கடமி’ என்னும் கல்விக்கூடத்தை நாம் அனைவரும் அறிவோம். அதன் மூன்றாம் தலைவராக விளங்கியவர் செனோகிராட்டீஸ் என்னும் அறிஞர். கி.மு. 339 முதல் கி.மு. 314 வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் அப்பொறுப்பில் இருந்தார். அவர் சொன்னதாக ஒரு கருத்தைப் பிற்காலத்து அறிஞரான புளூட்டார்க் தம் நூலில் குறித்து வைத்திருக்கிறார். மற்போர் வீரர்களுக்குக் காதுக்காப்பு அணிவிப்பதைக் காட்டிலும் சிறுபிள்ளைகளுக்கு அணிவிப்பதே தேவையானது. வீரர்களுக்கு அடிபட்டால் காது மட்டுமே உருக்குலையும், பிள்ளைகளுக்கோ தீய சொற்களைக் கேட்டால் குணமே உருக்குலையும் என்பது அக்கருத்து.

ஆசிரியர்களாகிய நமக்கு உடனே பிடித்துப்போகும் கருத்துத்தான். நன்னெறிப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகவும் அமையும். ஆயினும் இன்று நான் எழுத விழைவது உவமேயத்தைப் பற்றியன்று, உவமானத்தைப் பற்றியே. உவமை என்பது கேட்பவருக்கு முன்பே நன்கு தெரிந்த பொருளாக இருத்தல் வேண்டும். எனவே, இன்றைக்கு 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸ் மக்களுக்குக் காதுக்காப்பு என்பது விளக்கம் தேவைப்படாத பொருளாக இருந்திருக்கிறது. அப்படியானால், அன்று முதல் இன்றுவரை மற்போர் பயிலும் சிறுவர்களின் காதுகள் ஏன் உடைந்துகொண்டே இருக்கின்றன? இக்கேள்விதான் என்னை இதனை எழுதத் தூண்டியது.

முதலில் காது எவ்வாறு ‘உடைகிறது’ என்பதைத் தெரிந்துகொள்வோம். காதின் வெளிமடலில் எலும்பு கிடையாது. உள்ளே இருப்பது வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பு. அக்குருத்தெலும்புக்கெனத் தனி இரத்தக் குழாய்கள் இல்லை. அதன்மீது ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது. மற்போரில் ஒருவன் தலை மற்றவன் தலையோடு உராய்கிறது, பிடியிலிருந்து தலையை உருவும்போது காது மடங்கித் தேய்கிறது, விரிப்பில் அழுந்துகிறது. அந்த இழுவிசையில் சவ்வு குருத்தெலும்பைவிட்டுப் பிரிய, இடையில் இரத்தம் தேங்குகிறது. தொட்டால் மெத்தென்று, சிறு நீர்ப்பை போல் வீங்கியிருக்கும். ஊட்டம் இழந்த குருத்தெலும்பு நலிவடைகிறது. பிரிந்த சவ்வோ தன் பங்குக்குப் புதிய குருத்தெலும்பையும் நார்த்திசுவையும் தாறுமாறாக உண்டாக்குகிறது. சில வாரங்களில் காது கெட்டியாகிச் சுருண்டு, முண்டும் முடிச்சுமாக நின்றுவிடுகிறது. அதன் தோற்றத்தை வைத்து ஆங்கிலேயர் அதற்குக் காலிஃபிளவர் காது என்று பெயரிட்டனர். (ஒரு காய்கறியின் பெயரைத் தன் உடலில் ஏந்திக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நடமாட வேண்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள்!)

பழங்காலக் கிரேக்கருக்கு இது நன்றாகத் தெரியும். ஒலிம்பிக் போட்டிகளில் சிறுவர்களுக்கென்றே தனி மற்போர் கி.மு. 632இல் சேர்க்கப்பட்டதாக மரபுவழிக் குறிப்புகள் கூறுகின்றன. ஸ்பார்த்தா நாட்டு ஹிப்போஸ்தெனீஸ் அதில் முதல் வெற்றியாளன். பின்னர் வளர்ந்து ஆடவர் மற்போரிலும் ஐந்து முறை வென்றவன். ஆக, ஏறக்குறைய 2,600 ஆண்டுகளாகச் சிறுவர்கள் இக்களத்தில் இருக்கிறார்கள். பயிற்சி நடந்த இடத்துக்குப் ‘பாலேஸ்ட்ரா’ என்று பெயர். கல்வியும் உடற்பயிற்சியும் அங்கே அண்டை அயலாகவே இருந்தன. பிளேட்டோவின் அக்கடமியேகூட ஓர் உடற்பயிற்சித் திடலைச் சார்ந்து எழுந்ததுதான். பிளேட்டோவும் இளமையில் மற்போர் பயின்றவர் என்பது பழைய மரபு. அகன்ற மேனியுடையவன் என்னும் பொருளில் அவருடைய பயிற்றுநர் வைத்த பெயரே ‘பிளேட்டோ’ என்று கூறுவாரும் உளர்.

உரோமாபுரியில் 1885ஆம் ஆண்டு மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட வெண்கலச் சிலை ஒன்று இன்று அந்நகரத்து அரும்பொருளகத்தில் இருக்கிறது. களைத்து அமர்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரனின் சிலை அது. மூக்கு உடைந்திருக்கிறது. காயங்களில் இரத்தம் கசிவதைக் காட்டச் செம்பு பதித்திருக்கிறார்கள். காதுகளோ வீங்கித் தடித்திருக்கின்றன. அவன் மற்போர் வீரனல்லன், குத்துச்சண்டைக்காரன். ஆனாலும் காதுக்கு நேர்ந்த கதி ஒன்றுதான். அச்சிலையின் படத்தை இணையத்தில் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; ஒரு பாடவேளை பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

மருத்துவர்களும் வாளாவிருக்கவில்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களுள் மூட்டுகளைப் பற்றிய நூல், முறிந்த காதுகளுக்கும் இடம் தருகிறது. அதில் வியப்பூட்டுவது என்னவென்றால், கட்டுப் போடுவது தீங்கு விளைவிக்கும் என்றும், சில வேளைகளில் எதையும் செய்யாமல் விட்டுவிடுவதே நல்ல மருத்துவம் என்றும் அந்நூல் கூறுவதுதான். இன்றைய மருத்துவம் இதற்கு நேர்மாறானது. தேங்கிய இரத்தத்தை வெளியேற்றிவிட்டு, சவ்வு மீண்டும் குருத்தெலும்போடு ஒட்டும்படி இறுக்கமாக அழுத்திக் கட்டுவதே இன்றைய முறை. ஆனால் அந்தப் பழைய மருத்துவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. குணப்படுத்தும் வழி கைவசம் இல்லாத காலத்தில் தடுப்பு ஒன்றே புகலிடம்.

அந்தத் தடுப்புத்தான் ‘அம்போதிதெஸ்’. காதுகளைச் சுற்றி அணிவது என்பது போன்ற பொருளுடைய சொல். அது எதனால் செய்யப்பட்டது என்பதில் குறிப்புகள் ஒருமித்துச் சொல்லவில்லை. உலோகம் என்பாரும் உண்டு, தோல் அல்லது தடித்த துணி என்பாரும் உண்டு. நமக்கு முக்கியமானது, அதனை எங்கே அணிந்தார்கள் என்பதே. பயிற்சிக்கூடத்தில் அணிந்தார்கள், ஒலிம்பியா போன்ற பெருவிழாக்களின் போட்டிகளில் அணியவில்லை என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். ஆண்டு முழுவதும் நாள்தோறும் உராயும் இடத்தில் காப்பு. விழாவில் ஒரு நாள் வெறுங்காது. இதனைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

காப்பு இருந்தும் கிரேக்கரின் காதுகள் ஏன் உடைந்தன? விடை பிளேட்டோவின் உரையாடல்களிலேயே கிடைக்கிறது. ‘புரோத்தகோரஸ்’ என்னும் நூலில் சாக்ரட்டீஸ் நகைச்சுவையாக ஒன்று சொல்கிறார். ஸ்பார்த்தா நாட்டவரைப் போல் ஆக விரும்பும் பிறநாட்டார் காதுகளை உடைத்துக்கொண்டு, கைகளில் தோல்வாரைச் சுற்றிக்கொண்டு, குட்டை மேலாடை அணிந்து திரிகிறார்களாம். ஸ்பார்த்தா ஓங்கி நிற்பதற்கு இவையே காரணம் என்று எண்ணி ஏமாறுகிறார்களாம். ‘கோர்கியாஸ்’ என்னும் மற்றோர் உரையாடலிலும் ‘காது உடைந்தவர்கள்’ என்பது ஸ்பார்த்தாப் பற்றுடையோரைச் சுட்டும் கேலிப் பெயராக வருகிறது. அதாவது, உடைந்த காது அக்காலத்திலேயே ஓர் அடையாளச் சின்னமாகிவிட்டது. காயமாக இருந்தது பதக்கமாக மாறிவிட்டது. பதக்கத்தை மறைக்கும் காப்பை யார்தான் விரும்பி அணிவார்?

இனி நீண்ட காலத்தைத் தாண்டி இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வருவோம். மற்போர் அங்கே பள்ளி விளையாட்டாக வேரூன்றியிருக்கிறது என்பதே நாம் அங்குச் செல்லக் காரணம். 2023-24 பருவத்தில் அந்நாட்டு உயர்நிலைப்பள்ளிகளில் 250,000க்கும் மேற்பட்ட மாணவர்களும் 60,000க்கும் மேற்பட்ட மாணவியரும் மற்போரில் ஈடுபட்டனர். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி 1928இல் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1970 வரை மற்போர்ப் பயிற்றுநராக இருந்த கிளிஃப் கீன் என்பவர், இன்று வழங்கும் காதுக்காப்பின் வரலாற்றில் முதன்மையான பெயர். மாணவர்களின் காதுகள் சிதைவதைப் பல்லாண்டுகள் பார்த்தவர். 1958இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் காதுக்காப்புகளைச் செய்து விற்கிறது. இருபுறமும் காதை மூடும் கெட்டியான கிண்ணங்கள், உள்ளே மெத்தை, உச்சந்தலையிலும் பின்னந்தலையிலும் தாடைக்கீழும் வார்கள். அமைப்பு எளியதுதான். கிண்ணம் காதைத் தொடாமல் அதனைச் சுற்றி அமர்வதால், உராய்வு கிண்ணத்தோடு நின்றுவிடுகிறது.

பள்ளிப் போட்டிகளில் இக்காப்பு கட்டாயமாக்கப்பட்டது. கல்லூரிகளும் அவ்வாறே செய்தன. சிக்கல் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டுமல்லவா? தீரவில்லை.

1989இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, 537 கல்லூரி மற்போர் வீரர்களிடம் விவரம் கேட்டது. காப்பு அணியாத வேளையில் காதில் இரத்தம் கட்டியதாகச் சொன்னவர்கள் 52 விழுக்காட்டினர். காப்பு அணிந்திருந்தும் அவ்வாறு நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 26 விழுக்காட்டினர். ஆக, காப்பு இடரைப் பாதியாகக் குறைக்கிறது; முற்றாக நீக்குவதில்லை. வார் தளர்ந்தால் கிண்ணமே நகர்ந்து காதைத் தேய்க்கும் என்பதை அணிந்தவர்கள் அறிவார்கள். 39 விழுக்காட்டினருக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ நிலையாகச் சிதைந்திருந்தன. என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. போட்டியில் காப்பு அணிந்தவர்களுள் பலர் பயிற்சியில் அதனைக் கழற்றி வைத்தார்கள். எப்போதும் அணிந்து பயிற்சி செய்தோர் சிறுபான்மையினரே. சூடாக இருக்கிறது, உறுத்துகிறது, பயிற்றுநர் சொல்வது கேட்கவில்லை என்பன போன்றவை வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள்.

இப்பொழுது கிரேக்கரின் பழக்கத்தை நினைவுகூருங்கள். அவர்கள் பயிற்சியில் அணிந்தார்கள், போட்டியில் கழற்றினார்கள். இவர்கள் போட்டியில் அணிந்து பயிற்சியில் கழற்றுகிறார்கள்! ஒரு பள்ளிப் போட்டி ஆறே நிமிடங்களில் முடிந்துவிடும். பயிற்சியோ வாரத்துக்குப் பல மணிநேரம். எங்கே காது உடையும் என்பதைக் கணக்குப் பாடம் படிக்கும் நான்காம் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான்.

ஏன் இவ்வாறு தலைகீழாயிற்று? போட்டியில் நடுவர் இருக்கிறார், விதி நூல் இருக்கிறது. அந்த விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு 2018 டிசம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது சான்று. நீண்ட சடைமுடி கொண்ட 16 வயதுக் கறுப்பின மாணவன் ஒருவன் விரிப்பில் ஏறினான். முடியை மறைக்கும் உறை காதுக்காப்போடு இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. அவனுடைய உறை விதிக்கு ஒத்ததன்று என்றார் நடுவர். முடியை வெட்டு, இல்லையேல் தோல்வியை ஏற்றுக்கொள் என்பதே அவன்முன் வைக்கப்பட்ட தெரிவு. பலர் பார்க்க அங்கேயே அவன் முடி வெட்டப்பட்டது. அப்போட்டியில் அவன் வென்றான். ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்த எவருக்கும் அது வெற்றியாகத் தோன்றியிராது. பின்னர் அந்நடுவர் இரண்டு பருவங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். 2019 டிசம்பரில் முடியமைப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டத்தை அம்மாநிலம் இயற்றியது. பிள்ளையைக் காக்க எழுந்த விதியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தார்கள் என்பது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பாருங்கள். போட்டியன்று காப்போடு முடியுறை எவ்வாறு இணைகிறது என்பதுவரை சோதிக்க ஒருவர் இருக்கிறார். பயிற்சி நாளில், ‘தம்பி, உன் காப்பு எங்கே?’ என்று கேட்க ஆளில்லை. அங்கே இருப்பவர் பயிற்றுநர் ஒருவரே. பெரும்பாலும் அவருடைய காதும் உடைந்திருக்கும்.

காதை வேண்டுமென்றே உடைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லாமலில்லை. உருசியாவின் தாகெஸ்தான் பகுதி மற்போருக்குப் பெயர் பெற்றது. அங்கே உடைந்த காது மதிப்புக்குரியது. தெருச்சண்டைக்கு வருபவன் அந்தக் காதைக் கண்டால் விலகிப் போவான் என்பார்கள். அதற்காகவே சிறுவர்கள் காதைக் கசக்கி உடைத்துக்கொள்வதாகச் செய்தியாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். சாக்ரட்டீஸ் கேலி செய்த அதே கூட்டம், வேறு நாட்டில், வேறு நூற்றாண்டில். இங்கே ஒரு பெரியவன் தன் காதைப் பற்றி என்ன முடிவு செய்கிறான் என்பது அவனுடைய விருப்பம் என்று நான் ஏற்றுக்கொள்வேன். அமெரிக்கக் கல்லூரிகளும் 2020களின் தொடக்கத்தில் அவ்வாறே கருதி, காப்பு அணிவதை வீரர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அனைத்துலகப் போட்டிகளிலும் பெரும்பாலோர் வெறுங்காதோடுதான் களம் காண்கின்றனர். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவை எடுக்கும் வயது ஆகவில்லை. நாற்பது வயதிலும் அதே காதோடு அவன் வேலைக்கு நேர்காணலுக்குச் செல்வான், செவிப்பொறி மாட்ட முயல்வான். முகத்தோற்றம் மட்டுமன்று, காதுத் துளை குறுகலாம். உடைந்த காதுடைய வீரர்களிடம் செவித்திறன் குறைவு கூடுதலாகக் காணப்படுவதாக ஈரானில் நடந்த ஆய்வு ஒன்றும் தெரிவித்துள்ளது.

பெற்றோர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மற்போர்க் காதுக்காப்பு, காதைக் காப்பது. மூளையைக் காப்பதன்று. தலை விரிப்பில் மோதி மூளை அதிர்ந்தால் இந்தக் கிண்ணங்களால் பயனில்லை. குத்துச்சண்டையில் அணியும் தடித்த தலைக்காப்பின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒலிம்பிக்கில் 1984இல் அது புகுந்தது. ஆடவருக்கு 2013இல் அனைத்துலகக் கூட்டமைப்பு அதனை நீக்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் அதனின்றியே மோதினர். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், ஆனால் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்ற வாதம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆகவே, காப்பு மாட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று எந்தப் பெற்றோரும் பார்வையாளர் இருக்கையில் சாய்ந்துவிட முடியாது. மயக்கம், வாந்தி, தலைவலி, குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் விளையாட்டை அக்கணமே நிறுத்த வேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் மற்போர் அரிது என்பதை அறிவேன். ஆயினும் ஜூடோவிலும், பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சுவிலும், ரக்பி ஆட்டத்தின் முட்டுமோதலிலும் காது இதே போலத்தான் உடைகிறது. நகர்ப்புறப் பயிற்சிக்கூடங்களில் சேரும் நம் பிள்ளைகளும் உள்ளனர். சேர்ப்பதற்கு முன் பயிற்றுநரிடம், ‘போட்டியில் என்ன விதி?’ என்று கேட்க வேண்டாம், ஐயா; ‘பயிற்சியில் பிள்ளைகள் காதுக்காப்பு அணியலாமா? அணிந்தால் மற்றவர்கள் கேலி செய்வார்களா?’ என்று கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு அவர் தரும் விடையில் அவருடைய கூடத்தைப் பற்றிய செய்தி முழுவதும் அடங்கியிருக்கும். காப்பு வாங்கினால் தலையளவுக்குப் பொருந்தும்படி வாரை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பயிற்சி முடிந்து வரும் பிள்ளையின் காது மடல் வீங்கி, தொட்டால் மெத்தென்று இருக்குமானால் அன்றே, தவறினால் மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் சில நாள்களில் இரத்தத்தை வெளியேற்றுவது எளிய சிகிச்சை. ஒரு வாரம் பத்து நாள் கடந்தால் உள்ளே நார்த்திசு கெட்டியாகத் தொடங்கிவிடும். பிறகு அறுவை செய்தாலும் பழைய வடிவம் முழுமையாகத் திரும்புவது கடினம். பயிற்சிக்கூடத்தின் மூலையில் அண்ணன்மார் ஊசி குத்தி இரத்தத்தை உறிஞ்சிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு ஒருபோதும் இடந்தர வேண்டாம். தூய்மையற்ற ஊசியால் கிருமி புகுந்தால் குருத்தெலும்பே அழுகிப்போகும். அழுத்திக் கட்டாமல் விட்டால் இரத்தம் மீண்டும் தேங்கும். மருத்துவமனைக்குப் புறப்படுமுன், காது எந்த நாளில், எந்த வேளையில் வீங்கியது என்பதைப் பிள்ளையிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சையின் போக்கு பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும்.